நிறுத்தத் தெரிந்த ஸ்டார்ட்டர்

"தம்பி, பத்து எச்பி மோட்டாருங்க. டி.ஓ.எல். போதுங்களா, ஸ்டார் டெல்டா போட்டுக்கட்டுங்களா?"

எங்கள் பக்கத்தில் பேனல் வயரிங் செய்கிற யாரும் இந்தக் கேள்வியில் இருந்து தப்ப முடியாது. பதில் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பது இரண்டு. மோட்டார் எதைச் சுற்றப் போகிறது? உங்கள் தோட்டத்தில் வோல்டேஜ் எவ்வளவு நிற்கிறது? எச்பி அதற்கு அப்புறம்தான். இந்த மூன்றையும் விட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதே இல்லை: இந்த மோட்டார் எந்தெந்த நேரத்தில் நின்றே ஆக வேண்டும்? ஓட வைப்பதற்கு மூன்று வயரும் ஒரு சுவிட்சும் போதும். பெட்டிக்குள் இருக்கிற மற்ற சாமான் முக்கால்வாசியும் நிறுத்துவதற்காக இருப்பவை. அதில்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள்.

கோவைப் பக்கம் மோட்டார் பேச்சு என்பது வீட்டுப் பேச்சு. 1932இல் பைக்காராவில் இருந்து மின்சாரம் வந்தது. 1937இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் என்பார்கள். கவலை இறைத்த கிணறுகள் ஒவ்வொன்றாக மோட்டாருக்கு மாறின. இன்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஸ்டார்ட்டரைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கும். அந்த அபிப்பிராயங்களில் பாதி, காயில் கட்டுகிறவர்களுக்கு வேலை கொடுக்கிறது.

முதலில் கரண்ட் ஏன் அப்படி எகிறுகிறது என்று பார்ப்போம். நாம் போடுகிற மோட்டார் எல்லாம் கூண்டு ரோட்டர் மோட்டார். ரோட்டருக்குள் அலுமினியமோ செம்போ சில கம்பிகள், இரண்டு பக்கமும் அவற்றைச் சேர்த்துக் கட்டிய வளையம், அவ்வளவுதான். பிரஷ் இல்லை, வெளியே இருந்து ரோட்டருக்கு வயர் இல்லை. 1889இல் ஜெர்மனியில் ஏ.ஈ.ஜி. கம்பெனியில் இருந்த டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி மூன்று பேஸுக்கு இந்த வடிவத்தைக் கொண்டு வந்தார். இன்று வரை அடிப்படை மாறவில்லை. இதன் ஒரே தொல்லை, நின்று கொண்டிருக்கும் ரோட்டர் சப்ளையின் கண்ணுக்கு ஷார்ட் செய்த டிரான்ஸ்பார்மர் மாதிரிதான் தெரியும். சுற்றச் சுற்றத்தான் கரண்ட் இறங்கும். அதனால் நேரடியாக சப்ளை கொடுத்தால், அதாவது டி.ஓ.எல்.லில், ஃபுல் லோடு கரண்டைப் போல ஆறு மடங்கு, சில மோட்டார்களில் எட்டு மடங்கு வரை இழுக்கும். 10 எச்பி, 415 வோல்ட், 14.5 ஆம்ப் மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மடங்கு என்றாலே 87 ஆம்ப்.

இந்த 87 ஆம்ப் மோட்டாரைக் கெடுக்குமா? ஓரிரு வினாடி என்றால் கெடுக்காது. நல்ல மோட்டார் இதற்காகவே செய்யப்பட்டது. டிரான்ஸ்பார்மர் பக்கத்திலேயே இருந்து, கேபிள் தடிமனாக இருந்து, ஒரு நாளைக்கு ஓரிரு முறை மட்டும் போடுகிற மோட்டார் என்றால் 10 எச்பிக்கும் டி.ஓ.எல். தாங்கும். அடி வாங்குவது லைன்தான். கடைசிக் கம்பத்துத் தோட்டத்தில் 87 ஆம்ப் இழுக்கும்போது வோல்டேஜ் படுத்துவிடும். பக்கத்து வீட்டு லைட் மங்கும். இங்கே கான்டாக்டர் "டகடக"வென்று அடிக்கும். வோல்டேஜ் விழுந்ததும் காயில் விடும், விட்டதும் வோல்டேஜ் ஏறும், ஏறியதும் காயில் மறுபடி இழுக்கும். இப்படி அடித்து அடித்து கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால், அப்புறம் ஸ்டாப் பட்டனை எத்தனை அமுக்கினாலும் மோட்டார் நிற்காது.

இதற்காகத்தான் ஸ்டார் டெல்டா. டெல்டாவில் ஓட வேண்டிய மோட்டாரை முதலில் ஸ்டாரில் கட்டிக் கொடுத்தால், ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 415க்குப் பதில் 240 வோல்ட்தான் போகும். லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும்; நம் 87 ஆம்ப் 29 ஆகிவிடும். எல்லோரும் இந்தப் பாதியைச் சொல்வார்கள். மறுபாதியைச் சொல்ல மாட்டார்கள்: இழுவையும் மூன்றில் ஒரு பங்குதான். சென்ட்ரிஃபியூகல் பம்பு என்றால் கவலை இல்லை. வேகம் ஏற ஏறத்தான் அது பளு கேட்கும், தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் கேட்காது. லோடோடு நிற்கிற கம்ப்ரசரோ, கல் நிறைந்து நிற்கிற கிரஷரோ என்றால் ஸ்டாரில் உறுமிக்கொண்டு அசையாமல் நிற்கும். டைமர் முடிந்து டெல்டாவுக்கு விழும்போது அதே 87 ஆம்ப். பணம் கொடுத்து மூன்று கான்டாக்டர் வாங்கியதற்கு லாபம் சில வினாடி உறுமல்.

வோல்டேஜ் கேள்வி இங்கேதான் வருகிறது. இழுவை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 இருக்க வேண்டிய இடத்தில் 340 இருந்தால், இழுவை மூன்றில் இரண்டு பங்காகிவிடும். அதன் மேல் ஸ்டாரும் போட்டால் மீதி 22 சதவீதம். பேரிங் கொஞ்சம் இறுகின, கிளாண்ட் அழுத்திக் கட்டின பம்பு இந்த 22 சதவீதத்தில் பாதி வேகத்துக்குக்கூட வராது. "ஸ்டார் டெல்டா போட்டும் ப்யூஸ் போகுதுங்க" என்று கூப்பிடுகிற பல இடங்களில் ஸ்டார்ட்டரில் குறையே இருக்காது. லைனில்தான் இருக்கும்.

ஸ்டாரில் இருந்து டெல்டாவுக்கு மாறுகிற அந்தக் கணத்தைக் கவனிக்க கரண்ட் அளக்கிற டாங் டெஸ்டர் ஒன்று போதும். ஒரு பேஸில் மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் கொடுங்கள். முள் மேலே போய் அங்கேயே நிற்கும், பிறகு மெல்ல இறங்க ஆரம்பிக்கும், சட்டென்று கீழே விழும். விழுந்தால் மோட்டார் வேகம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மாற வேண்டும். அதற்கு முன்பே மாறினால் டி.ஓ.எல். போட்ட மாதிரிதான். ரொம்பத் தள்ளி மாறினால், முழு லோடையும் 240 வோல்ட்டில் இழுத்துக்கொண்டு வைண்டிங் சூடாகும். மேலே வைக்கிற மோனோபிளாக் பம்புக்கு ஐந்தாறு வினாடி சரியாக இருக்கும். போர்வெல் சப்மெர்சிபிளுக்கு அவ்வளவு வேண்டாம். அதன் ரோட்டர் ஒல்லி, நொடியில் வேகம் பிடித்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் நிரப்பின சப்மெர்சிபிள் மோட்டாரின் அடியில் இருக்கும் திரஸ்ட் பேரிங், வேகம் வந்தால்தான் தன் மேல் தண்ணீர்ப் படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். மெதுவாகச் சுற்றுகிற ஒவ்வொரு வினாடியும் அது உலர்ந்து தேய்கிற வினாடி. வேகத்தையே மாற்றுகிற வி.எஃப்.டி. வைத்து ஓட்டினாலும், முதல் ஒரு வினாடிக்குள் 30 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சப்மெர்சிபிள் செய்கிறவர்கள் சொல்வது இதனால்தான். "மெதுவா ஏத்துனா மோட்டாருக்கு நல்லதுங்களே" என்று சாஃப்ட் ஸ்டார்ட்டரில் இருபது வினாடி வைப்பவர்கள், பேரிங்கின் ஆயுளைத்தான் குறைக்கிறார்கள்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் ஸ்டார்ட்டரில் 50, 65, 80 சதவீதம் என்று டேப் இருக்கும். 65இல் போட்டால் லைன் கரண்டும் இழுவையும் 42 சதவீதம். மோட்டாரில் ஆறு முனை வெளியே வராத இடத்தில் இது உதவும். ஸ்லிப் ரிங் மோட்டாரில் ரோட்டருக்கே வெளியில் இருந்து ரெசிஸ்டன்ஸ் கொடுத்து, கரண்டைக் குறைத்து இழுவையைக் கூட்டலாம். கிரஷருக்கும் கிரேனுக்கும் அதுதான் ராஜா. சாஃப்ட் ஸ்டார்ட்டரும் வோல்டேஜைக் குறைப்பதுதான், எனவே இழுவை குறைகிற கதை அதிலும் உண்டு. ஆனால் நிறுத்தும்போது மெல்ல நிறுத்துவதால், நீளமான பைப் லைனில் தண்ணீர் திரும்பி அடிக்கிற அடியைத் தவிர்க்கலாம். வி.எஃப்.டி. ஒன்றுதான் வோல்டேஜோடு ஃப்ரீக்வென்சியையும் குறைத்து, கரண்ட் ஏறாமல் முழு இழுவை தருவது. விலை ஒத்துவந்தால் அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இனி, என் மனதுக்கு நெருக்கமான கன்ட்ரோல் வயரிங்.

ஒரு டி.ஓ.எல். ஸ்டார்ட்டரின் கன்ட்ரோலை வார்த்தையில் சொல்லிவிடலாம். ஒரு பேஸில் இருந்து கிளம்பி, ஓவர்லோடு ரிலேயின் 95, 96 வழியாக, ஸ்டாப் பட்டனின் என்.சி. (சும்மா இருக்கும்போது மூடியிருப்பது) வழியாக, ஸ்டார்ட் பட்டனின் என்.ஓ. (சும்மா இருக்கும்போது திறந்திருப்பது) வழியாக, கான்டாக்டர் காயிலின் ஏ1க்கு. ஏ2 இன்னொரு பேஸுக்கோ நியூட்ரலுக்கோ. ஸ்டார்ட் பட்டனுக்குப் பேரலலாக அதே கான்டாக்டரின் 13, 14. பட்டனில் இருந்து கையை எடுத்தாலும் கான்டாக்டர் தன்னைத்தானே பிடித்துக்கொள்வது இந்த 13, 14ஆல்தான். கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். திரும்பி வந்தாலும் யாராவது வந்து அமுக்கினால்தான் ஓடும். பெல்ட்டில் கை வைத்துக்கொண்டிருக்கிற ஆளை இது காப்பாற்றுகிறது. நிறுத்துவது எல்லாம் சீரிஸ், ஓட வைப்பது எல்லாம் பேரலல். சீரிஸில் எது ஒன்று திறந்தாலும் மோட்டார் நிற்கும், வயர் அறுந்தாலும் நிற்கும்.

ஸ்டார் டெல்டாவில் இதோடு ஒரு காவல் கூடுதல். ஸ்டார் கான்டாக்டரின் என்.சி. டெல்டா காயிலின் வழியில், டெல்டாவின் என்.சி. ஸ்டார் காயிலின் வழியில். இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் மூன்று பேஸும் நேருக்கு நேர் ஷார்ட். மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் சேர்த்துப் போடுங்கள். ஒன்று இருக்கிறதே என்று இன்னொன்றை விடாதீர்கள்.

ஓவர்லோடு ரிலேயைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஸ்டார் டெல்டா பெட்டியில் ரிலே பெரும்பாலும் மெயின் கான்டாக்டருக்குக் கீழே, யு1, வி1, டபிள்யு1 போகிற வழியில் இருக்கும். அந்த இடத்தில் போவது லைன் கரண்ட் அல்ல, வைண்டிங் கரண்ட். லைனில் 14.5 ஆம்ப் என்றால் அங்கே 58 சதவீதம், அதாவது 8.4 ஆம்ப்தான். பிளேட்டில் 14.5 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ரிலேயையும் 14.5இல் வைத்தால், மோட்டார் ஒன்றே முக்கால் மடங்கு லோடில் ஓடினாலும் ரிலே அசையாது. காயில் கருகி வாசனை வந்த பிறகும் அசையாது. 8.4இல் வைத்து "அடிக்கடி டிரிப் ஆகுதுங்க" என்று யாராவது சொன்னால், ரிலே உண்மையைச் சொல்கிறது. டயலைத் திருப்பாமல் டாங் டெஸ்டரை எடுங்கள்.

காயில் கட்டுகிற கடையில், கருகிய மோட்டாரைப் பிரித்து மேசையில் வைத்திருக்கும்போது ஒரு முறை உற்றுப் பாருங்கள். எல்லா காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் ஓவர்லோடு, அல்லது ரோட்டர் சுற்றாமல் நின்றது. ஒரு பேஸ் கட்டு மட்டும் கரியாகி, நடுநடுவே மற்ற இரண்டும் புது வார்னிஷ் மினுமினுப்போடு இருந்தால், டெல்டாவில் ஓடும்போது ஒரு பேஸ் போய்விட்டது. ஸ்டார் மோட்டார் என்றால் இரண்டு கட்டு கறுத்து ஒன்று பளிச்சென்று இருக்கும். அந்தக் கோலத்தைப் பார்த்த பிறகு யாரும் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் கருகுகிற மோட்டாரில் இந்தக் கோலம் சாதாரணம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் மோட்டார் நிற்காது. அதே லோடை இரண்டு பேஸில் இழுக்கும், அந்த இரண்டிலும் கரண்ட் சுமார் 1.73 மடங்காகும். மோட்டார் அரைகுறை லோடில் இருந்தால் இந்த ஏற்றமும் ரிலேயின் அளவுக்குள்ளேயே அடங்கிப்போகலாம். ஆனால் டெல்டாவுக்குள் ஒரே ஒரு வைண்டிங் மட்டும் தன் பங்குக்கு மேல் சுமக்கும். கான்டாக்டர் காயில் ஆர், ஒய் இரண்டுக்கும் நடுவில் இருந்து, போனது பி பேஸ் என்றால், காயிலுக்குத் தெரியவே தெரியாது. அதனால் சிங்கிள் பேஸ் பிரிவென்டர். அதிலும் வோல்டேஜை மட்டும் பார்க்கிற மலிவானதை விடக் கரண்டைப் பார்க்கிறதை வாங்குங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார், போன பேஸில் தானே கொஞ்சம் வோல்டேஜை உண்டாக்கித் திருப்பி அனுப்பும். வோல்டேஜ் பிரிவென்டர் அதைப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று நம்பிவிடும்.

மின்வாரியம் ஒரு பேஸை எடுத்துவிடுகிற நேரத்தில் கண்டென்சர் மாட்டி டூ பேஸில் ஓட்டுவதும், அதற்காகவே பிரிவென்டரைக் கழற்றி வைப்பதும் நடக்கிறது. பயிர் வாடும்போது விவசாயி வேறென்ன செய்வார் என்பது எனக்கும் தெரியும், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கண்டென்சர் தருகிற மூன்றாவது பேஸ் ஒருபோதும் சமமாக இருக்காது. லோடு மாறும்போதெல்லாம் அது மாறும், சூடு ஒரே வைண்டிங்கில் சேரும். ஓட்டியே ஆக வேண்டும் என்றால் வால்வைப் பாதி மூடி லோடைக் குறைத்து ஓட்டுங்கள். மூன்று பேஸ் வந்ததும் பிரிவென்டரைத் திருப்பி மாட்டுங்கள்.

இதைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. பெட்டியில் இருந்து தொட்டி வரைக்கும், சில இடங்களில் தோட்டத்தின் மறுகோடி வரைக்கும், ஸ்டாப் பட்டனுக்கோ ஃப்ளோட் சுவிட்சுக்கோ வயர் இழுத்திருப்பார்கள். காயில் 415 வோல்ட், எனவே அந்த வயரிலும் லைன் பேஸ். வரப்பு ஓரமாக, மண்ணுக்குள், எலி கடிக்கிற இடத்தில் போகும். காயிலின் ஏ2 நேராக ஒரு பேஸில் இருக்கிறது. ஏ1க்கு வருகிற வயர், ஸ்டாப் பட்டனைத் தாண்டின பிறகு, எங்கேயோ இன்சுலேஷன் போய் ஈர மண்ணைத் தொடுகிறது. எர்த் நன்றாக இருந்தால், இப்போது காயிலுக்கு ஒரு பக்கம் பேஸ், மறுபக்கம் எர்த். அதாவது 240 வோல்ட். 415க்கு இது 58 சதவீதம். இந்த வோல்டேஜில் கான்டாக்டர் புதிதாக இழுக்காது. ஆனால் ஏற்கெனவே இழுத்திருந்தால் பல கான்டாக்டர்கள் விடவும் மாட்டா. 75 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்பதுதான் அவற்றுக்கான விதி. நீங்கள் ஸ்டாப்பை அமுக்குகிறீர்கள், பட்டன் திறக்கிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது.

240 வோல்ட் காயிலை நியூட்ரலோடு போட்டு, பட்டன்களை நியூட்ரல் பக்கத்தில் வைத்திருந்தால் இன்னும் மோசம். பட்டனுக்கும் காயிலுக்கும் நடுவில் வயர் எர்த் ஆனால் போதும், யாரும் அமுக்காமலே மோட்டார் கிளம்பும். பட்டன்கள் எல்லாம் பேஸ் பக்கம் இருந்தால் அதே எர்த் ஃபால்ட், கன்ட்ரோல் ப்யூஸை ஊதிவிட்டு மோட்டாரை நிறுத்திவிடும். ஒரே சாமான், ஒரே வயர், வரிசை மட்டும் வேறு. அதனால் நான் வெளியே வயர் போகிற எந்தப் பெட்டிக்கும் சின்னதாக ஒரு கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் போடாமல் விடுவதில்லை. தொட்டிக்குப் போவது 24 வோல்ட். செகண்டரியின் ஒரு முனையை எர்த் செய்து, காயிலின் ஏ2 நேராக அந்த முனைக்கு. ப்யூஸும் கான்டாக்ட்டுகளும் மறுமுனையில். தண்ணீருக்குள் தொங்குகிற ஃப்ளோட் சுவிட்சில் 415 வோல்ட் கொடுப்பதற்கு எந்தச் சிக்கனமும் காரணமாகாது. குழந்தைகள் குளிக்கிற தொட்டி அது.

ஆட்டோ பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். கரண்ட் வந்ததும் தானாக ஓடுகிற வசதி, நள்ளிரவில் மூன்று பேஸ் வருகிற ஊரில் தேவைதான். ஆனால் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கிற எல்லா ஆட்டோவும் ஒரே வினாடியில் எழுந்தால், வோல்டேஜ் படுத்து ஒருவருக்கும் மோட்டார் எடுக்காது, ப்யூஸ்தான் போகும். பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பேசி டைமரை ஆளுக்கு அரை நிமிடம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்கின போருக்கு டிரை ரன் பாதுகாப்பும் சேர்த்துப் போடுங்கள். ஆட்டோவில் இருக்கிற பம்புக்குப் பக்கத்தில் போகிறவர் மெயினை ஆஃப் செய்து, ப்யூஸ் கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஸ்டாப் பட்டனை அமுக்கிவிட்டுப் போவது போதாது.

புதுப் பெட்டி மாட்டி முடித்ததும் வயரிங்காரரை உடனே அனுப்பிவிடாதீர்கள். மெயினை ஆஃப் செய்து ஒரு ப்யூஸைக் கழற்றச் சொல்லுங்கள், மறுபடி ஆன் செய்து ஸ்டார்ட் கொடுக்கச் சொல்லுங்கள். பெட்டி எடுக்கக் கூடாது. இப்படியே மூன்று ப்யூஸுக்கும் தனித்தனியாக. ரிலேயின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் மோட்டார் நிற்க வேண்டும். ஃப்ளோட்டைக் கையால் தூக்கினால் நிற்க வேண்டும். தொட்டிக்குப் போகிற வயரில் ஒரு முனையைக் கழற்றினால், அறுந்த வயர் மாதிரி, அப்போதும் நிற்க வேண்டும். பிறகு கம்பத்தில் யாராவது வேலை செய்து பேஸ் மாறிப் போனால் பம்பு எந்தப் பக்கம் சுற்றும் என்று கேளுங்கள். பேஸ் சீக்வென்ஸ் பார்க்கிற பிரிவென்டர் என்றால் எந்தப் பக்கமும் சுற்றாது, எடுக்கவே எடுக்காது. கடைசியாக, ஒவ்வொரு கன்ட்ரோல் வயருக்கும் நம்பர் ஃபெருல் மாட்டி, கன்ட்ரோல் படத்தை அவர் கையாலேயே வரைந்து கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். ரிலே செட்டிங்கையும் டைமர் வினாடியையும் அதே தாளில் எழுதி, கீழே தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.